ஐந்தாம் எண்ணா, ஆறாம் எண்ணா: 'சைக்ளோன்' என்ற சொல் வந்த வழி

ஐப்பசி பிறந்துவிட்டால் சென்னையில் டிவியைப் போட்டதும் காதில் விழும் செய்தி ஒன்று உண்டு: துறைமுகத்தில் இத்தனாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. எண் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்றுதான் பெரும்பாலானவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அது பாதிதான் சரி. 5-க்கும் 6-க்கும் கடுமையில் வித்தியாசமே இல்லை. 5 ஏற்றினால், துறைமுகம் தன் பாதைக்கு இடப்பக்கம் இருக்கும்படி புயல் கடக்கப் போகிறது என்று பொருள். 6 ஏற்றினால் வலப்பக்கம். 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடக்கும். 8, 9, 10 மூன்றும் அதே இடம், வலம், நேர் என்ற வரிசைதான். புயல் மட்டும் இன்னும் கடுமையானது. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

இடமும் வலமும் புயல் போகும் திசையை வைத்துச் சொல்வது. நம் கரைக்கு வரும் புயல் பெரும்பாலும் மேற்கு நோக்கியோ வடமேற்கு நோக்கியோ வரும். அது நெல்லூர்ப் பக்கம் கரையேறினால் சென்னை அதற்கு இடப்பக்கம், இங்கே 5. மாமல்லபுரத்திலோ மரக்காணத்திலோ ஏறினால் சென்னை வலப்பக்கம், இங்கே 6. பக்கம் எது என்பதற்கு ஏன் தனி எண்ணே ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதற்கான விடை, சைக்ளோன் என்ற ஆங்கிலச் சொல் எதற்காக உண்டாக்கப்பட்டது என்பதில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு வயது 200 ஆகவில்லை. பிறந்த இடம் கல்கத்தா. அதற்கு முன்னோடியான சிந்தனையில் நம் சோழமண்டலக் கரைக்கும் ஒரு பங்கு உண்டு.

அதற்கு முன்பு ஆங்கிலேயர்களிடம் பெருங்காற்றுக்குச் சொல் இல்லாமல் இல்லை. ஹரிக்கேன் கரீபியத் தீவுகளின் டைனோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. டைஃபூன் ஒரே வேரிலிருந்து வந்ததல்ல. அரபு, பாரசீகத்தின் தூஃபான், போர்த்துக்கீசியரின் துஃபாவ், சீனத்தில் பெருங்காற்றைக் குறிக்கும் சொல், கிரேக்கத் தொன்மத்தின் டைஃபோன் அரக்கன் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அதன் ஆரம்ப வடிவமான 'டூஃபோன்' 1588-இல் அச்சேறியது. சேசரே ஃபெதரீச்சி என்ற வெனிஸ் வணிகர் கிழக்கிந்தியக் கடல்களில் பட்ட பாட்டை எழுதிய பயண நூலின் மொழிபெயர்ப்பில். பக்கத்து ஆந்திரத்தில் இன்றும் துஃபான் என்றுதான் சொல்கிறார்கள். நம் புயல் பழந்தமிழில் மேகம், மழை. 'புயலென்னும் வாரி வளங்குன்றிக் கால்' என்று வள்ளுவர் சொன்னபோது அவர் கவலைப்பட்டது மழை பொய்ப்பதைப் பற்றி.

இந்தச் சொற்கள் எல்லாமே காற்று எவ்வளவு கடுமை, எந்தக் கடலில் அடிக்கிறது என்பதைத்தான் சொல்லும். காற்றுக்கு என்ன வடிவம் என்பதைச் சொல்லாது. கப்பல் தலைவனுக்கு அது போதாது. காற்று பலமாக அடிக்கிறது என்பது அவன் முகத்திலேயே தெரியும். எந்தப் பக்கம் ஓடினால் தப்பலாம் என்பதுதான் அவனுக்குத் தெரிய வேண்டியது.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கோட்டைக்கு எதிரே திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிக் கரைக்கு வரும். வடகிழக்குப் பருவத்தில் அப்படி நிற்பது உயிரோடு விளையாட்டு. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். அக்டோபரில் ஒரே இரவுப் புயலில் பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொனேயின் கப்பற்படை இங்கேயே சிதைந்தது. போரில் ஜெயித்தவர்களைக் காற்று தோற்கடித்த கதை இந்தக் கரையில் அது ஒன்று மட்டுமல்ல.

இந்தக் கரையில் நீண்ட காலம் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜேம்ஸ் கேப்பர், 1801-இல் காற்றையும் பருவக்காற்றையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். புதுச்சேரியிலும் சென்னையிலும் 1760, 1773 ஆண்டுகளில் அடித்த புயல்களை அதில் அலசினார். காற்று எந்தத் திசையில் தொடங்கியது, நடுவில் எப்படித் திரும்பியது, கரையிலிருந்து சற்றுத் தள்ளி நின்ற கப்பல்களில் எப்படி அடித்தது என்று ஒப்பிட்டுப் பார்த்து, இவை சுழற்காற்றுகளே, விட்டம் 120 மைலுக்கு மேல் இருக்க முடியாது என்று முடிவு கட்டினார். நேர்கோட்டில் வீசும் காற்று சில மணி நேரத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பாது. திரும்பினால், சுழலும் ஒன்று நம்மைக் கடந்து போகிறது என்றுதான் பொருள். எளிமையான தர்க்கம். ஆனால் அன்றைக்கு அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புயல் ஆராய்ச்சியின் வரலாற்றைச் சொல்பவர்கள் பலரும் அமெரிக்காவிலிருந்து தொடங்கிவிட்டுக் கேப்பரை ஓரிரு வரியில் தாண்டிப் போவது எனக்கு எப்போதுமே உறுத்தும்.

அமெரிக்காவில் அதே தர்க்கத்தை மரங்களை வைத்துச் செய்தவர் வில்லியம் ரெட்ஃபீல்ட். குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளி. 1821 செப்டம்பரில் ஒரு பெரும்புயல் போன பிறகு நடந்து போனவர், தன் ஊரில் மரங்கள் வடமேற்கு நோக்கி விழுந்து கிடப்பதையும், சுமார் 70 மைல் தள்ளி அதே புயலில் தென்கிழக்கு நோக்கி விழுந்து கிடப்பதையும் கவனித்தார். பத்து வருடம் கழித்து 1831-இல் அதைக் கட்டுரையாக்கினார். அதே வருடம் பார்படோஸைப் புயல் நொறுக்கியது. மறுகட்டுமானத்துக்கு அனுப்பப்பட்ட பொறியாளர் வில்லியம் ரீட் கப்பல் பதிவேடுகளைத் திரட்டி 1838-இல் புயல்களின் விதியைப் பற்றி நூல் எழுதினார். மறுபக்கம் அமெரிக்க வானிலை ஆய்வாளர் ஜேம்ஸ் எஸ்பி, காற்று சுழலவில்லை, எல்லாப் பக்கமிருந்தும் நடுவை நோக்கிப் பாய்கிறது என்று மல்லுக்கு நின்றார். வட்டமா, உள்நோக்கிய பாய்ச்சலா என்ற அந்தச் சண்டை பல வருடம் ஓடியது. இரண்டு தரப்பிலும் பாதி பாதி உண்மை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ரீடின் நூல் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தபோது அதைப் பிடித்துக்கொண்டவர் ஹென்றி பிடிங்டன். நம் ஊர்ப் பாடப் புத்தகங்களிலும் போட்டித்தேர்வு கைடுகளிலும் 'பெடிங்டன்' என்று இருக்கும், தவறு. சரக்குக் கப்பல் தலைவராக இருந்து கரையேறியவர், பின்னாளில் கல்கத்தாவில் கப்பல் விபத்து விசாரணை மன்றத்தின் தலைவர். 1839 ஜூனில் வங்கக் கடலில் அடித்த புயலைப் பற்றி ஆசியாட்டிக் சொசைட்டியின் இதழில் அவர் எழுதிய ஆய்வு, அடுத்தடுத்து வந்த நீண்ட வரிசையின் முதல் கட்டுரை.

அவர் செய்தது இதுதான். ஒரே புயலில் மாட்டிய கப்பல்கள் அத்தனையின் பதிவேடுகளையும் வரவழைப்பார். ஒவ்வொன்றிலும் குறிப்பிட்ட நாள் நண்பகல் நிலை, காற்றின் திசை, பாரமானி அளவு இவற்றை எடுத்து ஒரே வரைபடத்தில் குறிப்பார். காற்று வட்டமாகச் சுற்றுகிறது என்றால், வட்டத்தின் நடுப்புள்ளி காற்றின் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரண்டு கப்பலிலிருந்து இரண்டு செங்குத்துக் கோடு இழுத்தால் அவை வெட்டும் இடம் நடு. நாளுக்கு ஒரு நடுப்புள்ளி கிடைத்தால் அவற்றை இணைத்தால் புயலின் பாதை.

சொல்லச் சுலபம், செய்யச் சிரமம். புயலில் இரண்டு மூன்று நாள் சூரியன் தெரியாது. நண்பகல் உயரத்தை அளந்து அட்சரேகை கண்டுபிடிக்க வழியில்லை. கப்பல் எந்த வேகத்தில் எந்தத் திசையில் அடித்துச் செல்லப்பட்டது என்ற உத்தேசக் கணக்கில்தான் இடம் குறித்திருப்பார்கள். ஒரு கப்பல் பல மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தால் நடுப்புள்ளியும் அத்தனை தள்ளிப் போகும். காற்றின் திசையும் 32 புள்ளித் திசைகாட்டியில் குறித்தது. ஒரு புள்ளி 11¼ பாகை. ஆடும் தளத்தில் நின்று, ஈரம் சொட்டச் சொட்ட, ஒரு புள்ளி முன்னே பின்னே எழுதியவரைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் பிடிங்டன் ஒன்றிரண்டு பதிவேட்டோடு நிறுத்தவில்லை. ஒரு கப்பலின் பிசகை இன்னொன்று காட்டிக் கொடுக்கும்.

1848-இல் மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட கையேட்டின் பெயரிலேயே 'ஹார்ன்-புக்', அதாவது கொம்புப் புத்தகம், என்று வரும். அந்தக் காலத்தில் ஆங்கிலேயக் குழந்தைகள் எழுத்துப் படித்த பலகை, கொம்பைச் சீவிய மெல்லிய தகடு போர்த்தியது. அரிச்சுவடிக்கு அதுதான் பெயர். பிடிங்டனின் புத்தகத்தில் நிஜமாகவே கொம்புத் தகடுகள் இருந்தன. ஒளி ஊடுருவும் இரண்டு தகடு, வட அரைக்கோளத்துக்கு ஒன்று, தென் அரைக்கோளத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள், வட்டங்களின் மேல் காற்றின் திசை. கடல் வரைபடத்தில் உன் கப்பல் இருக்கும் இடத்தின் மேல் தகட்டை வை. வடக்கு வடக்கோடு பொருந்தட்டும். உன் காற்று எந்தத் திசையோ அந்தக் குறி கப்பலின் மேல் வரும்படி தகட்டை நகர்த்து. இப்போது தகட்டின் நடு எங்கே விழுகிறதோ, புயலின் நடு அந்தத் திசையில். வடக்கே இடஞ்சுழி, தெற்கே வலஞ்சுழி என்பதால் இரண்டு தகடு தேவைப்பட்டது. கணக்கே போடத் தெரியாத மாலுமிக்கும் கைகொடுக்கும் கருவி. அறிவியலைச் சாமானியன் கையில் கொடுப்பதென்றால் இப்படிக் கொடுக்க வேண்டும் என்று இதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

அந்தக் கையேட்டில்தான் சைக்ளோன் என்ற சொல்லை முன்வைத்தார். வட்டமாகவோ நன்றாக வளைந்தோ வீசும் காற்றுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். கிரேக்கத்தில், பாம்பின் சுருளையும் குறிக்கும் சொல்லிலிருந்து அதை எடுக்கலாம். அது முழு வட்டம் என்று அடித்துச் சொல்லாது, ஆனால் சுற்றும் போக்கைச் சொல்லிவிடும். இதுதான் அவர் தந்த காரணத்தின் சாரம். கிரேக்கத்தில் 'குக்ளோஸ்' என்றால் வட்டம், சக்கரம். பாம்புச் சுருளுக்கு நெருக்கமானது 'குக்ளோமா'. பிடிங்டனின் கிரேக்கம் அங்கே கொஞ்சம் இடறியிருக்கிறது. நம் ஊரில் 'சைக்ளோஸ் என்றால் பாம்பின் சுருள்' என்று மனப்பாடம் செய்து எழுதுகிறோமே, அந்த வாக்கியத்துக்கு மூலம் இந்த இடறல்தான்.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் வட்டம் என்ற சொல்லைத் தவிர்த்தது. ரெட்ஃபீல்டுக்கும் எஸ்பிக்கும் நடுவே சண்டை நடந்துகொண்டிருந்த நேரம். வட்டம் என்று பெயர் வைத்திருந்தால் பெயரே ஒரு தரப்பில் சேர்ந்துவிடும். சுருள் என்றால் இருவருக்கும் இடமுண்டு. அதோடு 1845-இல் நடந்த ஒரு சம்பவத்தையும் சேர்த்துப் பார்க்கிறேன். மொரீஷியஸிலிருந்து புறப்பட்ட சார்லஸ் ஹெட்ல் என்ற பாய்மரக் கப்பல் பிப்ரவரிக் கடைசியில் புயலில் சிக்கியது. காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடுவோம் என்று தலைவர் முடிவெடுத்தார். சுழலும் காற்றுக்கு முதுகைக் கொடுத்தால் நேராக ஓட முடியுமா? கப்பல் புயலின் நடுவை ஐந்து முறை சுற்றியது. புயல் தானும் நகர்ந்துகொண்டிருந்ததால், கப்பலின் தடம் வரைபடத்தில் வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது. அந்தப் பதிவேட்டை வாங்கி அலசி எழுதியவர் பிடிங்டன். மூன்றே வருடத்தில் பாம்புச் சுருள் என்ற படிமம் அவர் கைக்கு வந்ததில் அந்தத் தடத்துக்குப் பங்கிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

காற்று முழு வட்டமாகச் சுற்றுவதில்லை என்பதற்கும் அந்தத் தடமே சாட்சி. ஒரு கப்பல் காற்றோடு ஓடிக்கொண்டே நடுவை நெருங்கினால், காற்று உள்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சுழற்சியும் உண்டு, உள்பாய்ச்சலும் உண்டு. கடல்மட்டத்தின் உராய்வு காற்றைச் சற்று மட்டுப்படுத்துகிறது. மட்டுப்பட்டதும் பூமிச் சுழற்சியின் விலக்கு விசை குறைந்து, நடுவின் குறைந்த அழுத்தம் காற்றை உள்ளே இழுத்துவிடுகிறது. கடலில் சாய்வு சுமார் 20 பாகை. தரையில் மரம், கட்டடம் எல்லாம் சேர்ந்து 30, 40 வரைக்கும் போகும்.

இருபது பாகைதானே என்று விட்டுவிட முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் காற்று சரியாக வடக்கிலிருந்து வருகிறது. அதே நேரம் புதுச்சேரியில் வடமேற்கிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு வட்டம் என்ற பழைய விதிப்படி, காற்றை எதிர்நோக்கி நின்றால் நடு உங்கள் வலக்கைக்கு நேரே, 90 பாகையில். சென்னையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு, புதுச்சேரியிலிருந்து வடகிழக்கே ஒரு கோடு. இரண்டும் வெட்டுவது சென்னைக்கு நேர் கிழக்கே சுமார் 80 கிலோமீட்டரில். இப்போது 20 பாகைச் சாய்வைச் சேருங்கள். நடு வலக்கைக்குச் சற்றுப் பின்னால், 110 பாகையில். சென்னையிலிருந்து கிழக்கு-தென்கிழக்கே ஒரு கோடு, புதுச்சேரியிலிருந்து கிழக்கு-வடகிழக்கே ஒரு கோடு. வெட்டும் இடம் சென்னையிலிருந்து சுமார் 135 கிலோமீட்டர் தள்ளி. முதல் கணக்குப்படி புயல் சென்னைக்கு நேரே நிற்கிறது. இரண்டாவது கணக்குப்படி ஏறக்குறைய மாமல்லபுரத்துக்கு நேரே கடலில் நிற்கிறது. இரண்டும் மேற்கே நகர்ந்தால், ஒன்றுக்கு 7 ஏற்ற வேண்டும், மற்றதற்கு 6. பிற்காலத்து மாலுமிக் கையேடுகள் இதனால்தான் 8 புள்ளி, அதாவது 90 பாகை, என்ற பழைய விதியைத் திருத்தி, புயல் தள்ளியிருக்கும்போது 10 முதல் 12 புள்ளி என்று வைத்தன.

வீட்டிலேயே இந்தத் தகட்டைச் செய்யலாம். ஓஎச்பி ஷீட் என்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று போதும், கொம்பு வேண்டாம். வங்கக் கடல் வரைபடத்தை 1 சென்டிமீட்டருக்கு 50 கிலோமீட்டர் என்ற அளவில் அச்செடுங்கள். ஷீட்டில் காம்பஸ் வைத்து 2, 4, 6, 8 சென்டிமீட்டர் ஆரத்தில் நான்கு வட்டம். அடுத்தடுத்த வட்டத்துக்கு நடுவே 100 கிலோமீட்டர். நடுவிலிருந்து 16 ஆரக்கோடு. கோடும் வட்டமும் வெட்டும் ஒவ்வொரு இடத்திலும் இடஞ்சுழியாக ஒரு அம்பு, ஆனால் வட்டத்தை ஒட்டி அல்ல, 20 பாகை உள்ளே சாய்த்து. பிறகு காலை 8.30 மணிக் கணக்கில் மீனம்பாக்கம், புதுச்சேரி, காரைக்கால், நெல்லூர், மசூலிப்பட்டினம் காற்றுத் திசைகளை வரைபடத்தில் குறித்து, எல்லா இடத்திலும் அம்பு பொருந்தும்வரை ஷீட்டை நகர்த்துங்கள். திருப்பிவிடாதீர்கள், வடக்கு வடக்கோடே இருக்கட்டும். இரண்டு இடம் பொருந்தி மூன்றாவது பொருந்தாவிட்டால், தரைநிலையத்தின் காற்று கட்டடத்திலோ குன்றிலோ பட்டுத் திரும்பியிருக்கும். கடலோர நிலையங்களை நம்புங்கள். காற்று மணிக்கு 10, 15 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த நிலையத்தை விட்டுவிடுங்கள், அதன் திசைக்கு அர்த்தமில்லை.

அடுத்தடுத்த மணிகளில் காற்று எப்படித் திரும்புகிறது என்பதே சென்னைவாசிக்கு இன்னும் பயன்படும். புயல் தென்கிழக்கே இருக்கையில் இங்கே காற்று வடகிழக்குப் பக்கமிருந்து வரும். அது மெல்லக் கிழக்குக்குத் திரும்பி, பிறகு தென்கிழக்கானால், புயல் நமக்குத் தெற்கே கரையேறுகிறது, நாம் வலப்பக்கம். வாடை கொண்டலாக மாறுவது என்று இதைச் சொல்லலாம். மாறாக வடகிழக்கிலிருந்து வடக்கு, வடமேற்கு, மேற்கு என்று போனால் புயல் நமக்கு வடக்கே போகிறது, நாம் இடப்பக்கம். திசை மாறாமலே வேகமும் மழையும் ஏற, பாரமானி இறங்கினால் நேராக நம் மேல் வருகிறது. இதில் ஒரு சிக்கல்: கார்த்திகை மாதத்தில் புயல் இல்லாத நாளிலும் சென்னையில் வடகிழக்குக் காற்றுதான் அடிக்கும். அதனால் திசையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக் கூடாது, பாரமானியும் வேண்டும்.

பாரமானியிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் அட்சரேகையில் காற்றழுத்தம் தினமும் தானாகவே ஏறி இறங்கும். காலை 10 மணி வாக்கில் உச்சம், மாலை 4 மணி வாக்கில் தாழ்வு, இரண்டுக்கும் நடுவே 3, 4 ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். காலையில் பார்த்துவிட்டு மாலையில் பார்த்து, 'ஐயோ இறங்கிவிட்டது' என்று பதறுபவர்கள் பார்ப்பது இந்த அன்றாட அலையை. நேற்றைக்கு இதே நேரம் என்ன என்றுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டும் 3 குறைந்தால் கவனம், 5 குறைந்தால் புயல் பக்கத்தில் என்பது கப்பல்காரர்களின் பழைய அளவுகோல். சில செல்போன்களில் அழுத்த உணரி இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் 8 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். தரைத்தளத்தில் ஒரு முறையும் நாலாவது மாடியில் ஒரு முறையும் பார்த்துவிட்டு ஒப்பிட்டால் கணக்குக் கெட்டுவிடும்.

வலப்பக்கத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? புயல் மேற்கே நகர்கையில் அதன் வடபுறத்துக் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கிறது. நகரும் வேகமும் அதனோடு சேர்ந்துகொள்கிறது. கடல்நீரைக் கரைமேல் குவிப்பது அந்தக் காற்று. தென்புறத்தில் தரையிலிருந்து கடலுக்கு அடிப்பதால் நீர் உள்வாங்கும். 2012 அக்டோபர் 31-இல் நீலம் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியபோது சென்னை வலப்பக்கத்தில் இருந்தது. வெளியே நங்கூரமிட்டிருந்த பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலை அந்தக் காற்று பெசன்ட் நகர்க் கடற்கரையில் கொண்டுவந்து தரைதட்ட வைத்தது. ஊழியர்கள் சிலர் உயிரிழந்தார்கள்.

கடல் ஏறும் ஆபத்தைப் பற்றிப் பிடிங்டனே கத்திப் பார்த்தார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்ட அரசு திட்டமிட்டபோது, 1853-இல் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசிக்கு எழுதிய கடிதத்தில், புயலின் நடுவே உப்புநீர் 5 முதல் 15 அடி உயரத்துக்கு ஏறி ஊரையே மூழ்கடிக்கும் நாள் வரும் என்று எச்சரித்தார். போர்ட் கானிங் என்ற பெயரில் கட்டினார்கள். அவர் 1858-இல் காலமானார். 1867 நவம்பரில் புயலும் கடலும் சேர்ந்து வந்து போர்ட் கானிங்கைத் துடைத்துவிட்டுப் போயின. பெயர் வைத்தவரை உலகம் நினைவில் வைத்திருக்கிறது; இந்தக் கடிதத்தையும் அதே அளவுக்கு வைத்திருக்க வேண்டும். நம் கரையிலும் ஒரு பாடம் உண்டு. 1870-களில் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர்ப் புயல் அவற்றை உடைத்துப்போட்டது.

சொல் பிறந்தபின் அதன் பாடு வேறு. 1863-இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன், காற்று எதிர்ப்பக்கமாகச் சுற்றும் உயர் அழுத்தப் பகுதிக்கு 'எதிர்' என்று முன்னொட்டுச் சேர்த்துக்கொண்டார். வானிலையாளர்கள் குளிர்நாடுகளின் சாதாரண தாழ்வழுத்தத்தையும் சைக்ளோன் என்றே அழைக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் நடுப்பகுதியில் மக்கள் டொர்னாடோவை அப்படி அழைத்தார்கள். நம் வானிலைத் துறையின் வரிசையில் அது ஒரு வேகப் படியாகிவிட்டது: மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர் என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 50 முதல் 61 ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 தொட்டால்தான் புயல், 89-இல் தீவிரப் புயல், 118-இல் மிகத் தீவிரம். 221-ஐத் தாண்டினால் சூப்பர் புயல். மூன்று நிமிடச் சராசரி வேகம் இது, ஒரு கணத்தில் வீசும் வேகம் இதைவிடக் கூடுதல். வடிவத்தைச் சொல்ல வந்த பெயரை வேகத்தைச் சொல்ல வைத்துவிட்டோம். '60 தானாம், இன்னும் புயலே ஆகலையாம்' என்று அலட்சியமாகக் கேட்கும் பழக்கம் அதில் வந்ததுதான். வேகம் 60-இல் நின்றாலும் சுழற்சி சுழற்சிதான். வலமும் இடமும் அதற்கும் உண்டு.

மழைக்கு மட்டும் இந்த வலம் இடம் கணக்கை நம்பவே கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னைக்குக் கிழக்கே கடலிலேயே வடக்கு நோக்கிப் போய், பாபட்லா அருகே கரையேறியது. சென்னை இடப்பக்கம்தான். ஆனால் அது கரையை ஒட்டி மெதுவாக ஊர்ந்ததால் மழைப்பட்டைகள் நகரின் மேலேயே நின்றுவிட்டன. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் என்ன ஆயின என்பது தெரியும். காற்றையும் கடலையும் பக்கம் தீர்மானிக்கிறது. மழையைத் தீர்மானிப்பது புயல் எவ்வளவு நேரம் அருகே நிற்கிறது என்பதும், மழைப்பட்டை எங்கே விழுகிறது என்பதும்.

நேராக மேலே வந்தால் நடப்பது வேறு. 2016 டிசம்பர் 12 பிற்பகலில் வர்தா வந்தது அப்படித்தான். காலையிலிருந்து வடக்குப் பக்கமிருந்து அடித்த காற்று, நடு வந்ததும் தணிந்தது. புயலின் கண் 20 கிலோமீட்டர் அகலம், நகரும் வேகம் மணிக்கு 20 என்று வைத்தால், கண்ணின் நடுக்கோட்டில் இருப்பவர்களுக்கு ஒரு மணி நேரம் அமைதி. ஓரத்தில் இருப்பவர்களுக்கு அதில் பாதியோ கால்வாசியோகூட இருக்காது. பக்கத்துத் தெருவில் ஓய்ந்த நேரத்தை வைத்து உங்கள் தெருவுக்குக் கணக்குப் போட முடியாது. அதன் பிறகு காற்று தெற்குப் பக்கமிருந்து, படிப்படியாக ஏறாமல், முழு வேகத்தோடு திரும்பும். வடக்கத்திக் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு பக்கத்து வேர் அறுந்து, மறுபக்கத்து வேரின் பிடியில் நிற்கும் மரம் அந்த எதிர்க்காற்றில்தான் விழும். பெயர்ந்து தொங்கும் தகரமும் பேனரும் அப்படியே. ஓய்ந்துவிட்டதென்று பைக்கை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களும், மொட்டைமாடிக்குத் தண்ணீர்த்தொட்டி பார்க்கப் போகிறவர்களும் மாட்டுவது அந்த நேரத்தில். காற்று நின்றால் பாரமானியைப் பாருங்கள். அது ஏறத் தொடங்கி, காற்றும் தெற்கிலிருந்து அடித்து ஓயும் வரை கதவு மூடியே இருக்கட்டும்.